கிளாஸ்களை யார் கழுவுவது

நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் எதைச் செய்வதற்கும் ஒரு படிவம் உண்டு. எதையும் செய்யாமல் இருப்பதற்கு ஒரு குழு உண்டு. பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். அதில் பாதி படிவம் எழுதுவதில் போயிற்று, மீதி குழுக்களுக்குச் செயலாளராக இருப்பதில். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது பசுமை வளாகக் குழு என் மேசைக்கு வந்து சேர்ந்தது. யாரும் கேட்டு வாங்கிக்கொள்கிற குழு அல்ல அது. வேண்டாம் என்று சொல்லத் தாமதித்தவருக்குக் கிடைப்பது.

குழுவின் தலைவர் அரண்மனையில் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பேராசிரியர். நல்ல மனிதர். பூமி சூடாகிறது என்பதை மனதார நம்பியவர். அதனாலோ என்னவோ கூட்ட அறையின் ஏர்கோனைப் பதினெட்டில் வைக்கச் சொல்லுவார். நாங்கள் குளிர்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து வெப்பமயமாதலைப் பற்றிப் பேசினோம். ஒவ்வொருவர் முன்னாலும் சின்னதாக ஒரு மினரல் வாட்டர் போத்தல் இருக்கும். இரண்டு மிடறு குடிப்போம். கூட்டம் முடிந்ததும் போத்தலை விட்டுவிட்டு, கறிபாப் பலகாரப் பொட்டலத்தை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போவோம்.

இதைப் பொறுக்க முடியாதவர் ஒரே ஒருவர்தான். குழுவின் இளைய உறுப்பினர், விரிவுரையாளர். சாலாக் செலாத்தானில் லோரி ஓட்டியவரின் மகள். வெளிநாட்டில் நகரக் குப்பையைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கி வந்தவர். “எங்கப்பா எல்லார்கிட்டயும் சொல்றார் மேடம், எம்பொண்ணு குப்பையில டாக்டர்னு” என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று. காட்டிக்கொள்ளவில்லை. செயலாளர்கள் காட்டிக்கொள்ளக் கூடாது.

கூட்டம் கலைந்ததும் இந்தக் குப்பை டாக்டர் தனியாக நின்று, குடித்து மிச்சம் வைத்த போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, நடைபாதையில் இருந்த தொட்டிச் செடிகளுக்கு ஊற்றுவார். மூன்று மாதத்தில் அந்தச் செடிகள் வேரழுகிச் செத்தன. அதன் பிறகுதான் அவர் முறையாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: இனி எந்தக் கூட்டத்திலும் பிளாஸ்டிக் போத்தல் கிடையாது. கண்ணாடி ஜக்கு, கண்ணாடி கிளாஸ், வடிகட்டிய குழாய்த் தண்ணீர்.

யாரும் எதிர்க்கவில்லை. எதிர்ப்பதற்கு அது யாருடைய வேலையையும் தொடுவதாகத் தெரியவில்லை. நிதிப் பிரிவிலிருந்து வந்தவர் மட்டும் மலாயில் கேட்டார்: “கிளாஸ்களை யார் கழுவுவது?”

டத்தோ சிரித்தார். “நாம் எல்லோரும்தான்” என்றார்.

எங்கள் கூட்டக் குறிப்பின் வலது ஓரத்தில் குறுகலாக ஒரு கட்டம் இருக்கும். அதன் தலைப்பு ‘நடவடிக்கை’. எடுத்த முடிவை யார் செய்து முடிக்க வேண்டும் என்பதை அதில் எழுத வேண்டும். நிதிப் பிரிவு என்று எழுதினால் நிதிப் பிரிவு செய்யும்; செய்யாவிட்டால் அடுத்த கூட்டத்தில் முழிக்கும். ‘அனைவரும்’ என்று எழுதினால் யாரும் செய்ய வேண்டியதில்லை என்று அர்த்தம். இதைப் புதிதாகச் சேரும் உதவிப் பதிவாளர்களுக்குப் பயிற்சியில் நானே சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மணி ஐந்தாகிவிட்டது. டத்தோ சொன்னதை அப்படியே எழுதினேன். நடவடிக்கை: அனைவரும்.

நான்காம் மாடியில் கூட்ட அறைகள் மூன்று. அவற்றுக்கு நடுவில் ஒரு சின்ன பேன்ட்ரி, தேநீர் கலக்கும் அறை. அங்கே ஓர் அக்கா இருந்தார். பல்கலைக்கழக ஊழியர் அல்ல; துப்புரவுக் குத்தகையாளரின் ஆள். கிள்ளானிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் வருவார். காலை ஏழு மணிக்கு வேலை, மாலை ஐந்து மணிக்கு முடிவு. மாடி பெருக்கித் துடைப்பது, கழிவறை, குப்பைக் கூடை, கூட்டத்துக்குத் தேத்தண்ணி. உண்மையில் என்னைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் எல்லோரும் அப்படித்தானே.

“என்னைப் போயி அக்காங்கிறீங்க. உங்க தலையில நரை எண்ண முடியாது மேடம்.”

“எண்ண வேணாம். சாயம் அடிச்சா சரியாப் போயிடும்.”

“அப்ப அடிங்க. பாக்கறவங்க என்னை உங்க அம்மான்னு நெனச்சிடப் போறாங்க.”

தீர்மானம் வந்த பிறகு அக்காவின் பேச்சு குறைந்தது. நான் கவனித்தேன், ஆனால் காரணத்தை யோசிக்கவில்லை. ஒரு நாளைக்கு நான்கு கூட்டம் என்றால் நூறு கிளாஸுக்கு மேல். பேன்ட்ரியின் கழுவும் தொட்டியில் ஒரு சமயத்தில் எட்டு கிளாஸ் வைக்கலாம். தண்ணீர் வடிகட்டும் இயந்திரமோ ஒரு ஜக்கை நிரப்புவதற்குள் ஒரு பாட்டுப் பாடி முடித்துவிடலாம். கடைசிக் கூட்டம் ஐந்து மணிக்குத்தான் முடியும். அதற்கு மேல் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு, அவர் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். அனைவரும் செய்ய வேண்டிய வேலையை, அந்தக் கூட்டத்தில் இல்லாத ஒரே ஆள் செய்துகொண்டிருந்தார்.

இதோடு இன்னொன்று. போத்தல் வாங்குவதற்கு வருடாந்தர ஒப்பந்தம் ஒன்று இருந்தது. நிறுத்த வேண்டுமானால் கொள்முதல் பிரிவுக்கு ஒரு மெமோ போக வேண்டும். யார் அனுப்புவது? அனைவரும். ஆகவே திங்கட்கிழமைதோறும் போத்தல் பெட்டிகள் ஒழுங்காக நான்காம் மாடிக்கு வந்துகொண்டே இருந்தன.

அக்கா புத்திசாலி. வந்த போத்தல்களைத் திறந்து ஜக்கில் ஊற்றினார்.

பல மாதங்கள் நாங்கள் கண்ணாடி ஜக்கிலிருந்து, கண்ணாடி கிளாஸில், மினரல் வாட்டர்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். எவருக்கும் தெரியவில்லை. கூட்டங்கள் கொஞ்சம் புத்துணர்ச்சியாக இருந்ததாகச் சிலர் சொன்னார்கள்.

பசுமை வளாகத் தரவரிசைக்காக வெளி மதிப்பீட்டாளர்கள் மூன்று பேர் வந்த நாளில்தான் இது வெடித்தது. அன்றைக்கு ஜக்குகளில் எலுமிச்சைத் துண்டும் புதினாவும் மிதந்தன. அக்காவின் சொந்த யோசனை. மதிப்பீட்டாளர்கள் ஜக்கைப் படம் எடுத்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு வாய் குடித்துவிட்டு, தண்ணீர் ரொம்பச் சுவையாக இருக்கிறது, எந்த வடிகட்டி என்று விசாரித்தார். “சாதாரணக் குழாய்த் தண்ணீர்தான்” என்றார் டத்தோ, பெருமையோடு.

அவர்கள் போனதும் டாக்டர் அக்காவுக்கு நன்றி சொல்ல பேன்ட்ரிக்குப் போனார். அக்கா அங்கே இல்லை. மூன்றாம் மாடியில் ஏதோ கொட்டிவிட்டது என்று துடைக்கப் போயிருந்தார். கதவுக்குப் பின்னால் இரண்டு கறுப்புப் பைகள். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் காலி போத்தல்.

டாக்டர் கைப்பேசியில் படம் எடுத்தார். கண்ணில் தண்ணீரோடு தன் அறைக்குப் போய், வளாகப் பராமரிப்பின் இணையப் புகார்ப் படிவத்தைத் திறந்தார். அந்தப் படிவத்தில் ‘பொறுப்பாளர்’ என்று ஓர் இடம் உண்டு. அதைத் தட்டினால் பட்டியல் விழும்: துப்புரவுப் பணியாளர், பாதுகாவலர், தொழில்நுட்பர், மற்றவை. பேராசிரியர், பதிவாளர், டத்தோ எல்லாம் அதில் இல்லை. தவறு செய்யக்கூடியவர்கள் யார் யார் என்பதை அந்தப் பட்டியல் முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. டாக்டர் முதலாவதைத் தட்டி, படத்தை இணைத்து, அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் அக்கா என் மேசைக்கு முன் வந்து நின்று ஒரு கடிதத்தை நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. “படிச்சுச் சொல்லுங்க மேடம். எனக்குப் புரிஞ்ச மாதிரிதான் இருக்கு, ஆனா புரிஞ்சது தப்பா இருக்கணும்னு ஒரு ஆசை.”

புரிந்தது சரிதான். வாடிக்கையாளரின் புகாரைத் தொடர்ந்து, வரும் முதல் தேதி திங்கட்கிழமை முதல் அவர் செமினி கிளை வளாகத்துக்கு மாற்றப்படுகிறார். அங்கேயும் காலை ஏழு மணி வேலை. இருக்கிற விடுப்பை இந்த மாதத்துக்குள் எடுத்துத் தீர்த்துவிட வேண்டும்.

“கிள்ளான்லேருந்து செமினிக்கு ரயிலு இருக்கா?”

“காஜாங் வரைக்கும் போகலாம். அங்கேருந்து பஸ்.”

“ஏழு மணிக்கு அங்க நிக்கணும்னா நான் எப்ப வீட்ட விட்டுக் கெளம்பணும்? மொத நாள் ராத்திரியேவா?” அக்கா கடிதத்தை மடித்தார். “வேலைய விட்டு நின்னுக்கோன்னு நேராச் சொல்லியிருக்கலாம். இது சுத்தி வளைச்சு.”

அவர் போன பிறகு புகாரைக் கணினியில் தேடி எடுத்தேன். படம் இருந்தது, டாக்டரின் பெயர் இருந்தது. பிறகு குழுவின் பழைய குறிப்பையும் எடுத்தேன். வலது கட்டத்தில் என் எழுத்து.

டாக்டரைக் கூப்பிட்டுக் கடிதத்தின் நகலைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“நான் போத்தலப் பத்திதான் மேடம் புகார் கொடுத்தேன். அக்காவப் பத்தி இல்ல.”

“படிவத்துக்கு அது தெரியாது.”

“இப்பவே வாபஸ் வாங்கிடறேன்.” சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். “வாபஸ் வாங்கினா இது நடக்கவே இல்லைன்னு ஆயிடும். மதிப்பீட்டாளர்கள் எடுத்த படம் அப்படியே ரிப்போர்ட்ல போகும். குழாய்த் தண்ணின்னு. அது பொய் மேடம்.”

“வாபஸ் வாங்காவிட்டால் அக்கா செமினிக்குப் போவார். இல்லை, போக மாட்டார், வேலையை விடுவார்.”

“தெரியுது. அதான் யோசிக்கறேன்.”

எல்லா விதியும் தெரிந்திருப்பதில் உள்ள தொல்லை, எது எதெல்லாம் முடியாது என்பது மட்டும் உடனே ஞாபகத்துக்கு வரும். டாக்டர்தான் பட்டியலின் கடைசிச் சொல்லைப் பிடித்தார்.

“‘மற்றவை’ன்னு ஒண்ணு இருக்கே. அதைத் தட்டினா பேரு எழுத இடம் வருமா?”

“வரும். ஒரு வரி.”

“பசுமை வளாகக் குழுன்னு எழுதினா?”

“குழு தன் மேலேயே புகார் கொடுப்பதற்கு முன்னுதாரணம் இல்லை.”

“முன்னுதாரணம் இருந்ததாலதானே மேடம் எல்லாமே இப்படி இருக்கு?”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டாவது புகாரை இருவருமாக எழுதினோம். முதல் புகார் தவறான ஆளின் மேல் போய்விட்டது. முடிவு எடுத்த குழு யார் செய்வது என்று சொல்லவில்லை. ஒப்பந்தத்தை நிறுத்தும் மெமோவை அனுப்பவில்லை. பேன்ட்ரிக்குத் தேவையானதைத் தரவில்லை. மதிப்பீட்டாளர்களிடம் உண்மையைத் தெரிவிக்க வேண்டும். ‘குறிப்பை எழுதியவர்: செயலாளர்’ என்ற கடைசி வாக்கியத்தை நான் சேர்த்தேன். டாக்டர் அதை அழிக்கப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் டத்தோ எங்களைக் கூப்பிட்டார். அவருக்கு நான் மேடம் அல்ல, புவான்.

“புவான், ஓய்வு பெற உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம். எல்லோரும் இந்தச் சமயத்தில் லங்காவித் தீவுக்கு டிக்கெட் பார்ப்பார்கள். நீங்கள் உங்கள் மேலேயே புகார் கொடுக்கிறீர்கள்.”

“லங்காவி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, டத்தோ.”

அவர் டாக்டரைப் பார்த்தார். “மதிப்பெண் குறையும், தெரியும்தானே?”

“தெரியும், டத்தோ.”

“நான் வேறு அந்த மதிப்பீட்டாளரிடம் குழாய்த் தண்ணீர் என்று சொன்னேன்.” அதுதான் அவரை உண்மையில் உறுத்தியது. பிறகு மதிப்பீட்டாளருக்குத் தானே தொலைபேசியில் சொல்லிவிடுவதாகச் சொன்னார். எனக்குக் காரணம் கேட்கும் கடிதம் ஒன்று வரும், அதைத் தவிர்க்க முடியாது என்றும் சொன்னார். வந்தது. அதன் மாதிரி வாசகத்தை இருபது வருடத்துக்கு முன் எழுதியவள் நான். ஒரு காற்புள்ளி தவறான இடத்தில் இருப்பதை அன்றுதான் கண்டேன்.

முதல் புகார் மூடப்பட்டது. குத்தகையாளரும் மாற்றத்தை ரத்து செய்யச் சம்மதித்தார். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை அவருடைய சூப்பர்வைசர் எனக்குப் போன் செய்தார்.

“மேடம், ரத்து பாரத்துல அவங்க சைன் வேணும். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள. இல்லாட்டி திங்கட்கிழமை செமினி லிஸ்ட்ல பேரு நின்னுடும். போனு எடுக்க மாட்டேங்கறாங்க லா. லீவுல இருக்காங்க.”

“நீங்க நேரா போய் வாங்கலாமே.”

“நான் போனா வெளக்கமாத்தால அடிப்பாங்க மேடம்.”

முகவரியை அவரே வாட்ஸாப்பில் அனுப்பினார். சனிக்கிழமை காலை நானும் டாக்டரும் கிள்ளானுக்குப் புறப்பட்டோம். பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம்தான். வழியில் ஒரு பழக்கடையில் நின்றோம்.

“மன்னிப்புக் கேக்கப் போறப்போ என்ன வாங்கிட்டுப் போகணும் ஆன்டி?” என்றார் டாக்டர். அலுவலகத்துக்கு வெளியே நான் ஆன்டி.

“தெரியலை. இதுவரை நான் கேட்டதில்லை.”

ஆப்பிள் வாங்கினார். கடைக்காரர் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். டாக்டர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அவர் எவ்வளவு கலங்கியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அக்காவின் வீடு மலிவு விலை அடுக்குமாடியில் மூன்றாம் மாடி. கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்தார். திறப்பதா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது. “வாங்க” என்றார் கடைசியில். “பசியாறிட்டீங்களா?” கோபத்திலும் அதைக் கேட்காமல் இருக்க நம்மவர்களால் முடிவதில்லை.

தோசை வார்த்தார். நாங்கள் சாப்பிட்டோம். முன்னறையின் ஓரத்திலும் அலமாரிக்கு மேலும் காலி மினரல் வாட்டர் போத்தல்கள் கட்டுக் கட்டாக இருந்தன. நான்காம் மாடியில் போட்டால் கேள்வி வரும் என்று, தினமும் ஒரு பையாக ரயிலில் கொண்டுவந்திருக்கிறார். டாக்டரின் கண் விரிந்தது.

“அக்கா, இதையெல்லாம் மறுபடி பயன்படுத்தறீங்களா?”

“என்னத்தப் பயன்படுத்தறது? எடத்த அடைச்சிட்டுக் கெடக்கு. பழைய சாமான் வாங்கறவர் வந்தா போடலாம்னு பாக்கறேன், ஆளக் காணோம்.”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். நான் தோசையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னோம்: நான் எழுதிய ‘அனைவரும்’, இரண்டாவது புகார், டத்தோ, ரத்துப் படிவம், ஞாயிற்றுக்கிழமைக்குள் கையெழுத்து. முடிந்ததும் அக்கா டாக்டரிடம் திரும்பினார்.

“அந்தப் படத்த சூப்பர்வைசர் எனக்கு அனுப்பிச்சார். அதுல நான் வீட்டுக்குப் போறப்ப போடற செருப்பு தெரியுது. பாத்தீங்களா?”

டாக்டருக்கு விளங்கவில்லை.

“கதவுக்குப் பின்னால செருப்பு இருந்தா ஆளு பக்கத்துலதான இருக்கும்? ரெண்டு நிமிஷம் நின்னிருந்தா நான் வந்திருப்பேன். ஏன்க்கா இப்படின்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். செடிக்கெல்லாம் ஓடி ஓடித் தண்ணி ஊத்தினீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க நேரமில்லாமப் போச்சா?”

“தப்புதான் அக்கா. கேட்டிருக்கணும்.” என்றார் டாக்டர். “படம் எடுக்கறப்போ எனக்குக் கோவம் மட்டும்தான் இருந்துச்சு.”

“கோவம் வரட்டும். எனக்கும்தான் வந்துச்சு. நான் என்ன உங்களப் படமா எடுத்தேன்?”

அவர் எழுந்து போய் இன்னொரு தோசையைக் கொண்டுவந்து டாக்டரின் தட்டில் போட்டார். போட்ட வேகத்தில் மன்னிப்பு பாதிதான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இங்க பக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல கூப்பிட்டிருக்காங்க மேடம். நடந்தே போயிடலாம். ரயிலு வேணாம், ஓட்டம் வேணாம். சரின்னு சொல்லிடலாம்னு இருக்கேன்.”

அவரைக் காப்பாற்ற வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

“உங்களுக்கு எது வசதியோ அதைச் செய்யுங்க” என்றேன். “கையெழுத்துப் போட்டா செமினி இல்லை. அதுக்கப்புறம் வர்றதும் வராததும் உங்க இஷ்டம்.”

அக்கா படிவத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். பேனாவை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார்.

“ஒண்ணு கேக்கறேன். நீங்க ‘அனைவரும்’னு எழுதினீங்களே, கிளாஸு கழுவறதுக்கு. அந்த அனைவருல நான் இருக்கேனா, இல்லையா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“இருக்கேன்னா என்னையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்க. நான் பேசறதையும் எழுதுங்க. இல்லைன்னா நான் ஏன் கழுவணும்?”

டாக்டர் என்னைப் பார்த்தார். குத்தகையாளரின் ஊழியர் பல்கலைக்கழகக் குழுவில் உறுப்பினராக முடியாது. மூன்றாம் பிரிவு, இரண்டாம் பத்தி. ஆனால் ‘அழைப்பின் பேரில் கலந்துகொள்பவர்’ என்று ஒரு வகை இருக்கிறது. பெரும்பாலும் குத்தகை கேட்டு வருகிறவர்களுக்காக வைத்திருப்பது.

“கூப்பிடறேன்” என்றேன்.

கையெழுத்துப் போட்டார். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. இறங்கும்போது ஆப்பிள் பை தன் கையிலேயே இருப்பதைப் பார்த்த டாக்டர், மறுபடி மூன்று மாடி ஏறிக் கொடுத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை நான் ஆறேமுக்காலுக்கே அலுவலகம் போய்விட்டேன். ஓய்வு பெறப் போகிறவளுக்கு அந்த நேரத்தில் அங்கே வேலையே இல்லை. நான்காம் மாடிக்குப் போனேன். பேன்ட்ரி பூட்டியிருந்தது. டாக்டர் எனக்கு முன்பே வந்து, சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். ஏழு மணி. ஏழு ஐந்து. டாக்டர் கைப்பேசியை எடுத்தார், வைத்தார்.

ஏழு பத்துக்கு லிஃப்ட் திறந்தது.

“என்ன, ரெண்டு பேரும் எனக்குக் காவலா?” என்றார் அக்கா. சாவியைத் தேடிக்கொண்டே சொன்னார்: “மண்டபத்துக்குப் போயிப் பாத்தேன் மேடம். ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் தட்டாம். ஆளு ரெண்டே பேராம். உங்க கிளாஸே தேவலை.”

டாக்டர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அக்கா அதை எதிர்பார்க்கவில்லை. சாவிக்கொத்தைத் தூக்கிப் பிடித்தபடி, திருடனிடம் மாட்டியவர் மாதிரி நின்றார்.

புதன்கிழமை குழு கூடியது. அக்கா சீருடையில்தான் வந்தார், தலையில் மட்டும் ஒரு முழம் மல்லிகை. டாக்டர் தன் பக்கத்து நாற்காலியை இழுத்து விட்டார். நிதிப் பிரிவுக்காரர் எழுந்து வணக்கம் சொன்னார். ஏன் எழுந்தார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. அக்காவின் கோரிக்கைகள் என் கையில் இருந்தன: வேகமான வடிகட்டி, பெரிய கழுவும் தொட்டி, நான்கு மணிக்கு மேல் பயன்படுத்துகிற கிளாஸை அவரவரே கழுவுவது. அவற்றுக்கு நேரே வலது கட்டத்தில் எழுதுவதற்கு மூன்று தனித்தனிப் பெயர்களை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்திருந்தேன். ஒன்று டத்தோவுடையது.

அதற்கு முன், வழக்கப்படி, போன கூட்டத்தின் குறிப்பு சரி என்று ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். “முன்மொழிபவர் யார்?” என்றார் டத்தோ. வழக்கப்படியே எல்லோரும் தங்கள் காகிதத்தைக் குனிந்து பார்த்தார்கள். அக்கா சுற்றிலும் பார்த்தார். பெரியவர் ஒருவர் கேட்டதற்கு ஒருத்தரும் பதில் சொல்லாதது அவருக்கு மரியாதையாகப் படவில்லை போலும். கையைத் தூக்கினார்.

அழைப்பின் பேரில் வந்தவர் முன்மொழிய முடியாது. அதுவும் தான் இல்லாத கூட்டத்தின் குறிப்பை முன்மொழிவதற்கு எந்த விதியிலும் இடமில்லை. அறையில் இது தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவரான டத்தோ என்னைப் பார்த்தார்.

“வழிமொழிகிறேன்” என்றார் டாக்டர்.

நான் பேனாவை எடுத்து அக்காவின் பெயரை முழுசாக எழுதினேன். முப்பத்தொரு வருடத்தில் தெரிந்தே நான் எழுதிய செல்லாத வரி அது ஒன்றுதான். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கூட்டக் குறிப்பை யாராவது படித்தால்தானே.